67 வயது அம்மாவுக்கு டம்பெல் தேவையா? சர்க்கரை நோயும் வலுப்பயிற்சியும்

திருநகர்_மகள் | செவ்வாய், காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை வந்து பதினைந்து ஆண்டுகள் இருக்கும். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகள் இரண்டும் எடுத்துக்கொள்கிறார். காலையில் முக்கால் மணி நேரம் பூங்காவில் நடக்கிறார். மழை பெய்தால் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள இடத்திலாவது நடப்பார். இனிப்பைத் தொடுவதில்லை. ஆனாலும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8.1, 8.3 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆள் குண்டும் இல்லை, 54 கிலோதான். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் தள்ளியிருக்கிறது.

போன வாரம் புதிய மருத்துவர் ஒருவரிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே, "கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள்" என்றார். அம்மாவால் மூன்றாவது தடவையே எழ முடியவில்லை. எனக்குப் பகீரென்றது. "நடை நல்லதுதான், ஆனால் தசை கரைந்துகொண்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் பளு தூக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்தப் பளு, எவ்வளவு, எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் இப்போது பஞ்சாயத்து. அப்பா, "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு" என்கிறார். பெரியம்மா, "கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று பயமுறுத்துகிறார். அண்ணன் ஜிம்மில் சேர்க்கலாம் என்கிறான். அம்மாவோ, "நான் வீட்டில் தூக்குகிற குடமும் குக்கரும் போதாதா" என்று கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடையே_மருந்து | செவ்வாய், காலை 7.15

அம்மா, நான் 74 வயதுக்காரன். சர்க்கரையோடு இருபது ஆண்டுகளாக வாழ்கிறேன். நடையைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை, எச்பிஏ1சி 7-ஐத் தாண்டியதில்லை. மருத்துவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். 67 வயதுப் பெண்மணி டம்பெல்லைத் தூக்கி, அது காலில் விழுந்து புண்ணானால் யார் பார்ப்பது? சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நடையைக் கூட்டுங்கள். மாலையிலும் அரை மணி நேரம் நடக்கட்டும். போதும்.

வார்டு_எண்_ஒன்பது | செவ்வாய், காலை 8.02

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நடையே_மருந்து ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு நடை பலித்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்த அம்மாவுக்கும் நடை தவறியதே இல்லை என்று மகள் எழுதியிருக்கிறாரே, கவனித்தீர்களா? ஏற்கெனவே முக்கால் மணி நேரம் நடப்பவரிடம் இன்னும் நட என்பது மட்டும் போதாது.

சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கு போய்ச் சேரவேண்டிய கிடங்கு தசை. கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில்தான் நிற்கும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய வரம்! ஒரு நாள் செய்த பயிற்சியின் பலன் ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை நிற்கும், பிறகு மங்கிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்பது அதனால்தான்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தசையும் எலும்பும் சேர்ந்தே இறங்குகின்றன. சர்க்கரை இருந்தால் தசை இன்னும் வேகமாக. நம் பக்கத்து உடம்புவாகு வேறு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. 54 கிலோ, கை கால் மெலிவு, தொப்பை என்று எழுதியிருக்கிறீர்களே, வார்டில் நான் பார்த்த அம்மாக்களில் பாதிப்பேர் அதே உருவம்தான்.

கர்ப்பப்பை விஷயத்துக்கு மாலையில் வருகிறேன். இப்போது பேரனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

பழைய_ஆட்டுக்கல் | செவ்வாய், காலை 9.30

இதற்கெல்லாம் டம்பெல் வாங்கச் சொல்வது வியாபாரம். நம் பாட்டிமார் ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள். எந்தப் பாட்டிக்குச் சர்க்கரை இருந்தது? கிரைண்டரும் மிக்ஸியும் வந்தன, பின்னாலேயே சர்க்கரையும் வந்தது. அம்மாவுக்கு ஒரு அம்மி வாங்கிக் கொடுங்கள்.

வைகைக்கரை_மருமகள் | செவ்வாய், காலை 9.52

ஐயா, அந்த அம்மியில் யார் உட்கார்ந்து அரைத்தார்கள் என்பதை யோசித்துப் பார்த்தீர்களா? என் மாமியார் இன்றைக்கும் இரண்டு குடம் தண்ணீர் தூக்குகிறார், ரேஷன் அரிசியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார், துணியைக் கையால்தான் அலசுவார். சர்க்கரை 260. வீட்டு வேலை போதும் என்றால் தமிழ்நாட்டில் எந்த மாமியாருக்கும் சர்க்கரை வந்திருக்கக் கூடாது.

இயன்முறை_ஈரோடு | செவ்வாய், பகல் 1.10

நான் பிசியோதெரபிஸ்ட். மேலே சகோதரி கேட்டது சரியான கேள்வி. அம்மாவின் "குடமும் குக்கரும் போதாதா" என்ற கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. குடத்தின் எடை பத்து ஆண்டுகளுக்கு முன்பு எவ்வளவோ இன்றும் அவ்வளவே. உடம்பு அதற்குப் பழகிவிட்டது, பழகிய வேலைக்குத் தசை புதிதாக வளராது. வலுப்பயிற்சி என்பதன் உயிரே பளுவைச் சிறுகச் சிறுக ஏற்றுவதுதான். ஒரு கிலோ எளிதானால் ஒன்றரை கிலோ, அதுவும் எளிதானால் இரண்டு. ஏற்றாமல் அதே அரைக் கிலோ டம்பெல்லை ஆண்டுக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். அது கையை வீசி நடப்பதைவிடப் பெரிய வித்தியாசம் எதையும் செய்யாது.

இன்னொன்று, வீட்டு வேலையில் கையும் முதுகும்தான் உழைக்கின்றன. தொடையும் பிட்டமும் அவ்வளவாக உழைப்பதில்லை. உடம்பின் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து எழுந்த காலத்தில் அவற்றுக்கும் வேலை இருந்தது. இப்போது சாப்பாட்டு மேசை, சோபா, மேற்கத்தியக் கழிப்பறை.

மருத்துவர் வைத்த நாற்காலிச் சோதனை விளையாட்டல்ல. ஆசிய நாடுகளின் தசைமெலிவு நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுகோலில் அது உண்டு. கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. பெண்களின் கைப்பிடி வலிமைக்கு 18 கிலோவைக் கீழ் எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

அண்ணாநகர்_வாசகி | செவ்வாய், பகல் 2.25

பின்தொடர்கிறேன். என் அம்மாவுக்கும் இதே நிலைதான்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 4.00

சர்க்கரையை வேரோடு அறுக்கும் கசாயம் என்று விலையுடன் வந்த பதிவு நீக்கப்பட்டது. அதே நபர் வேறு பெயரில் மீண்டும் போட்டால் கணக்கே முடக்கப்படும்.

நடையே_மருந்து | செவ்வாய், மாலை 4.40

பிசியோ தம்பி, பாடம் நன்றாக இருக்கிறது. ஆனால் பளு தூக்கிச் சர்க்கரை குறைந்ததாக எங்காவது எண்ணிக்கையோடு நிரூபித்திருக்கிறார்களா? அதுவும் வயதானவர்களிடம்? இருபது வயதுப் பையன்களை வைத்துச் செய்ததை எல்லாம் காட்ட வேண்டாம்.

புள்ளிவிவரப்_பித்தன் | செவ்வாய், இரவு 9.18

ஐயா கேட்டதால் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002-இல் 'டயபட்டீஸ் கேர்' இதழில் வந்த பாஸ்டன் ஆய்வு இதற்கு நேராகப் பொருந்தும். லத்தீன் அமெரிக்க வம்சாவளி முதியவர்கள் 62 பேர், சராசரி வயது 66. அதில் 40 பேர் பெண்கள். பாதிப்பேருக்கு 16 வாரம், வாரம் மூன்று நாள், கண்காணிப்புடன் பளுப்பயிற்சி. எச்பிஏ1சி 8.7-இலிருந்து 7.6-க்கு இறங்கியது. பயிற்சி இல்லாத அணியில் அசைவில்லை. என்னை அசத்தியது அடுத்த எண்தான். பயிற்சி செய்தவர்களில் 72 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. மற்ற அணியில் 3 சதவீதம்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் 60 முதல் 80 வயதுவரை உள்ள சர்க்கரைக்காரர்களை வைத்து ஆறு மாத ஆய்வு. எல்லோருக்கும் எடை குறைக்கும் உணவு. ஓர் அணிக்கு மட்டும் கூடவே கடினமான பளுப்பயிற்சி. பளு அணியில் எச்பிஏ1சி 1.2 புள்ளி இறங்கியது. உணவு மட்டும் மாற்றியவர்களுக்கு 0.4. இதற்கு ஒரு பின்கதை உண்டு, அதை விற்பனைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் முடிந்ததும் அவர்களை வீட்டிலேயே செய்யச் சொல்லி அனுப்பினார்கள். தசை வலு தங்கியது, சர்க்கரையில் கிடைத்த ஆதாயம் தங்கவில்லை. வீட்டில் பளுவும் வேகமும் குறைந்துவிடுகின்றன, கேட்க ஆளில்லை.

நடையா பளுவா என்ற சண்டையைக் கனடாவில் 2007-இல் 251 பேரை வைத்துத் தீர்க்கப் பார்த்தார்கள். 39 முதல் 70 வயதுவரை உள்ளவர்கள். சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் நடை, சைக்கிள் வகையறா அணிக்கு 0.51 புள்ளி குறைந்தது, பளு அணிக்கு 0.38. அதாவது தனித்தனியாகப் பார்த்தால் நடையே கொஞ்சம் முன்னால், ஐயா மகிழலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்த அணிக்கு நடை அணியைவிட மேலும் 0.46 குறைந்தது. மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவின் லூசியானாவில் 262 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சேர்த்துச் செய்த அணியில் மட்டுமே குறைவு கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருந்தது. அங்கே பங்கேற்றவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் பெண்கள்.

நடையே_மருந்து | செவ்வாய், இரவு 9.41

ஆக, நடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வேண்டியது.

வார்டு_எண்_ஒன்பது | செவ்வாய், இரவு 10.05

யாருமே சொல்லவில்லை ஐயா!

கர்ப்பப்பைக்கு வருகிறேன். பெரியம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். சுகப்பிரசவங்கள் பல ஆனவர்களுக்கு, பிரசவித்த கையோடு வயல் வேலைக்குப் போனவர்களுக்குக் கர்ப்பப்பை இறங்குவது நம் ஊரில் சாதாரணம். இறக்கத்தைக் கூட்டுவது மூச்சை அடக்கி முக்கித் தூக்குவது. ஆகவே அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா, கீழே ஏதோ இறங்குவதுபோல் இருக்கிறதா என்று. மகளிடம்கூடச் சொல்லாமல் மறைப்பார்கள். இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டு, சிறுநீரை அடக்க உதவும் இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் இந்தக் காரணத்துக்காகப் பளுவைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

கர்ப்பப்பையைவிட எனக்குப் பெரிய கவலை கண். விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கும் கட்டத்துக்குச் சர்க்கரை போயிருந்தால், மூச்சடக்கிக் கனமாகத் தூக்கும்போது கண்ணுக்குள் ரத்தம் கசியக்கூடும். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை என்கிறீர்கள். கடைசியாகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தது எப்போது? கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததைச் சொல்லாதீர்கள்.

அடுத்து, கிளிமிபிரைடு. இதைச் சாப்பிடுகிறவருக்குப் பயிற்சியின்போதோ, சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை தாழ்ந்துபோகலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அப்படியே. தொடங்கும் முன் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம். 300-க்கு மேல் போய் உடம்பும் சரியில்லை என்றால் அன்று விட்டுவிடுங்கள். நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் வந்தால் உடனே நிறுத்திச் சோதியுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். வெறும் வயிற்றில் அதிகாலையில் பளு தூக்குவதை நான் அனுமதிக்க மாட்டேன்.

யாழ்_அம்மம்மா | புதன், காலை 5.55

வணக்கம் பிள்ளைகள். எனக்கு 72 வயது, யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். நீரிழிவு, பிரஷர் இரண்டும் உண்டு. மூன்றாவது ஆண்டாகக் கிழமைக்கு மூன்று நாள் செய்து வருகிறேன். கிளினிக்கில் ஒரு பிசியோ பிள்ளைதான் முதலில் பழக்கியது.

தொடக்கம் வெறும் கதிரைதான். கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து இருப்பது. முதலில் கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினோம். பிறகு ஒரு தலையணையை எடுத்தோம், பிறகு மற்றதையும். அது லேசானதும் ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். அதன் பின் போத்தலில் மணலை நிரப்பினோம். மணல் நிரப்பினால் அதே போத்தல் ஒன்றரைக் கிலோவாகிவிடுகிறது. இப்போது முதுகில் பேரனின் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு எழுகிறேன், அதற்குள் அரிசிப் பைகள். பேரன் சிரிப்பான்.

சீனி எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். எனக்குப் பெரிய லாபம் வேறு. கோயிலில் தரையில் இருந்துவிட்டு எழும்ப யாருடைய கையையும் பிடிக்கத் தேவையில்லை.

திருநகர்_மகள் | புதன், காலை 7.20

அம்மம்மா, உங்கள் பதிவை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தலையணை வைத்துத் தொடங்கலாம் என்றதும்தான் முகத்தில் தெளிவு வந்தது. "அதை முதலில் சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

அண்ணன் ஏற்கெனவே பக்கத்திலுள்ள ஜிம்மில் கேட்டுவிட்டு வந்துவிட்டான். "வயதானவர்களுக்கு டிரெட்மில் மட்டும்தான், எடை தரமாட்டோம்" என்றார்களாம். பணம் மட்டும் முழுக்கட்டணம்.

இயன்முறை_ஈரோடு சார், வீட்டிலேயே செய்ய ஒரு வழி சொல்லுங்கள். அம்மாவுக்கு இடது தோள் தூக்க முடியாது, இறுக்கிப்போயிருக்கிறது. முழங்காலிலும் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். கண் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன்.

இயன்முறை_ஈரோடு | புதன், பகல் 12.50

நேரில் பார்க்காமல் முழுத் திட்டம் தருவது முறையல்ல. முதல் சில வாரங்களாவது அருகில் ஒரு பிசியோதெரபிஸ்ட் கண்முன்னால் செய்யட்டும். வெளியே போகவே முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிவரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பொதுவாக நான் எப்படித் தொடங்குவேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் பாடம் நாற்காலி. அம்மம்மா சொன்னதற்கு மேல் ஒன்றுதான் சேர்ப்பேன். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது. மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும், அந்த இறக்கத்திலும் தசைக்கு வேலை உண்டு. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். மர நாற்காலி, பின்னால் சுவர். எழும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டிருக்கும் வாயால் மூச்சை அடக்க முடியாது, மேலே சகோதரி சொன்ன கண், கர்ப்பப்பைக் கவலைகள் இரண்டுக்கும் அது காவல்.

அடுத்தது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. பிறகு ரப்பர் பட்டை. மருந்துக் கடைகளில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று இறுக்கத்துக்கு ஒரு நிறமாகக் கிடைக்கும். ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பின்னால் இழுக்க வேண்டும். தோள் இறுக்கம் சர்க்கரைக்காரர்களிடம் அதிகம் வருவதுதான். அந்தத் தோளை வைத்துக்கொண்டு தலைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம், இழுப்பதில் வலி இருக்காது, இருந்தால் நிறுத்திவிடுங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளி நிற்கும் பயிற்சியை வலது தோள் தாங்கும், இடது தாங்குமா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முழங்கால் தேய்மானத்துக்குப் பயந்து தொடைத் தசையை விட்டுவிடாதீர்கள். அந்தத் தசை வலுவாக இருந்தால்தான் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். செய்யும்போது லேசான வலி இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பாதகமில்லை. வீக்கம் வந்தால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை ஒரு சுற்று. முதலில் ஒரு சுற்று, பழகியபின் இரண்டு. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் செய்யும் முறை கெடக் கூடாது. பன்னிரண்டும் சிரமமில்லாமல் வந்துவிட்டால் பளுவை ஏற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள். மற்ற நாட்களில் அவருடைய நடை இருக்கவே இருக்கிறது.

உடை பற்றி ஒன்று. புடவைக் கொசுவத்தில் கால் மாட்டி நாற்காலியோடு சாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுடிதார் போடட்டும். மாட்டேன் என்றால் கொசுவத்தைத் தூக்கிச் செருகட்டும். வெறுங்காலோடு வேண்டாம். பாதம் மரத்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பில் (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) பின்வார் உள்ளதாகப் போட்டுக்கொண்டு, முடித்த பிறகு உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

பழைய_ஆட்டுக்கல் | புதன், மாலை 5.30

மணல் போத்தல், அரிசிப் பை, ஜன்னல் கம்பி! இதற்குத்தான் அம்மியே வாங்குங்கள் என்றேன்.

வைகைக்கரை_மருமகள் | புதன், மாலை 5.44

அம்மியில் அரைக்க நீங்கள் உட்காருவதாக இருந்தால் நானே வாங்கித் தருகிறேன் ஐயா.

ஒரு விஷயம் இங்கே யாரும் பேசவில்லை. மாமியாரிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நேரத்தில்?" காலையில் டிபன், பிறகு சமையல், மாலையில் காபி, பேரன் பேத்தி, இரவு தோசை. உடம்பு வலிக்க உழைத்துவிட்டு வருகிறவரிடம் மேலும் உழை என்றால் எரிச்சல் வராதா? மாமனார் நடைக்குப் போக ஒரு நாளும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

வார்டு_எண்_ஒன்பது | புதன், இரவு 8.15

கையைக் கொடு பெண்ணே. வார்டில் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் பார்த்தேன். பெண்ணுக்குச் சர்க்கரை என்றால் உப்புமாவா கேழ்வரகா என்று வீடே விவாதிக்கும். அந்தக் கேழ்வரகுக் கூழையும் அவளே கிண்ட வேண்டும்.

மாலைக் காபியை வீட்டில் வேறு யாராவது போடட்டும். வாரத்தில் மூன்று மாலை, அரை மணி நேரம். அதைக்கூட விட்டுக்கொடுக்க முடியாத வீட்டில் டம்பெல் வாங்கி என்ன பயன்?

புள்ளிவிவரப்_பித்தன் | புதன், இரவு 9.30

இன்னொரு கோணம். 2019-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பளுப்பயிற்சியோடு சிலருக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். 14 வார முடிவில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்திருந்தது. திருநகர்_மகளின் அம்மாவும் அதைச் சாப்பிடுகிறார் என்பதால் சொன்னேன்.

வார்டு_எண்_ஒன்பது | புதன், இரவு 9.38

தம்பி, இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் நான்கு பேர் மெட்ஃபார்மினை நிறுத்துவார்கள். அதில் இருந்தவர்கள் சர்க்கரை நோயாளிகள் அல்ல என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். பயிற்சியால் சர்க்கரை தாழ ஆரம்பித்தால் மருத்துவர் முதலில் கைவைப்பது கிளிமிபிரைடில்தான் இருக்கும், அதையும் அவர்தான் செய்ய வேண்டும்.

மாத்திரைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், பையோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு எலும்பு முறியும் அபாயம் கூடுதல் என்பது உறுதிப்பட்ட விஷயம். சர்க்கரைக்காரர்களுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேனில் சரியாகத் தெரிந்தாலும் முறிவு அதிகம். அப்படிப்பட்டவர்கள் பளுவுக்கு முன்னால் சமநிலைப் பயிற்சியைப் பழக வேண்டும். மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, ஒரு பாதத்தின் முன்னால் மறுபாதத்தை ஒட்டி வைத்து நடப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலிலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்லியிருக்கிறது.

அண்ணாநகர்_வாசகி | வியாழன், காலை 10.05

சாப்பாடு? என் அம்மா சைவம். புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்லி உறவினர் ஒருவர் நச்சரிக்கிறார்.

இயன்முறை_ஈரோடு | வியாழன், பகல் 1.30

வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 54 கிலோ அம்மாவுக்கு 54 முதல் 65 கிராம். நம் சைவச் சாப்பாட்டில் அது வராமல் போவதற்குக் காரணம், தட்டில் சாதம் மலையாகவும் பருப்பு அடையாளத்துக்கும் இருப்பதுதான். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ 6 கிராம். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்குங்கள், மாலையில் முறுக்குக்குப் பதில் சுண்டல், காலையில் அடை அல்லது பெசரட்டு. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றுக்கு 6 கிராம். பவுடருக்குச் செலவழிப்பதற்கு முன்னால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சோதனைகளான ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் பாருங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் புரதக் கணக்கே வேறு. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திருநகர்_மகள் | சனி, காலை 8.10

கண் பார்த்தாகிவிட்டது. ஆரம்பக் கட்ட மாற்றம் மட்டும்தான், புதிய ரத்தக்குழாய்கள் இல்லை, பயிற்சிக்குத் தடையில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அம்மா தலையணை போட்டுத் தொடங்கியிருக்கிறார். அப்பா எதிரே உட்கார்ந்து எண்ணுகிறார், அவர் எண்ணுவது வேகமாக இருக்கிறது என்று தினமும் சண்டை. எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான் எடுப்போம், அப்போது இங்கே எழுதுகிறேன்.

நடையே_மருந்து | சனி, காலை 8.55

எண்ணுவதை அம்மாவே வாய்விட்டு எண்ண வேண்டும் என்றல்லவா பிசியோ தம்பி எழுதினார்? அப்பாவை நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்காரிக்கு 70 வயது. இடது கண்ணில் போன ஆண்டு லேசர் வைத்தார்கள். அவள் இந்த இழையைப் படித்துவிட்டு நாற்காலியில் எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள். விடலாமா, தடுக்கலாமா?

வார்டு_எண்_ஒன்பது | சனி, காலை 9.20

பளு எதுவும் இல்லாமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டு, மூச்சை அடக்காமல் எழுந்து உட்காருவது நாம் நாள் முழுதும் செய்வதுதான், அதைத் தடுக்க வேண்டாம். லேசர் எதற்காக வைத்தார்கள் என்ற சீட்டை எடுத்துக்கொண்டு திங்களன்று கண் மருத்துவரிடம் போங்கள். விழித்திரை அடங்கியிருக்கிறதா, எவ்வளவு பளுவரை போகலாம் என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும்வரை போத்தலும் வேண்டாம், பையும் வேண்டாம், தலையைக் கீழே தாழ்த்தும் ஆசனங்களும் வேண்டாம். கண்ணில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தால் திங்கள்வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். அவருக்கு வேறு என்ன மாத்திரைகள் என்று எழுதுங்கள் ஐயா, பார்க்கிறேன்.